பாட்டியின் வேதாகமத்திலிருந்து தொடங்குங்கள்

நீண்ட ஆயுசு வாழ்ந்து கர்த்தருக்குள் நித்திரையடைந்த தாயைப் பற்றி நினைவுரை எழுத உட்காரும் பிள்ளைகள், "பக்தியுள்ளவர், அன்பானவர், ஜெபிக்கிறவர்" என்ற மூன்று சொற்களோடு நின்றுவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மூன்றும் உண்மையாகவே இருக்கும். ஆனால் அவரைப் பார்த்தேயிராத கொள்ளுப்பேரனுக்கு அந்தச் சொற்களிலிருந்து ஒரு முகமும் தெரியவராது. யோப்பாவில் தொற்காள் என்ற சீஷி மரித்தபோது விதவைகள் என்ன செய்தார்கள் என்று அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். அவர்கள் அழுதுகொண்டே, அவள் தங்களோடு இருந்தபோது செய்திருந்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவுக்குக் காண்பித்தார்கள். நினைவுரை எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டுதல் எனக்குத் தெரியாது.

ஆகவே முதலில் அவருடைய வேதாகமத்தை எடுங்கள். அதைத் துடைத்து அடுக்குவதற்கு முன்பாக, முன்னட்டையின் உட்புறம் தொடங்கி, எழுத்தோ கோடோ உள்ள ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே செருகியிருக்கும் துண்டுச் சீட்டு, காய்ந்த பூ, பழைய கடிதம் ஆகியவற்றை எந்த அதிகாரத்தில் இருந்தன என்று குறித்துக்கொள்ளாமல் எடுத்துவிட வேண்டாம். ஏனெனில் ஒரு மகனின் கடிதம் எந்தச் சங்கீதத்தின் நடுவே வைக்கப்பட்டிருந்தது என்பதே சில வேளைகளில் ஒரு முழுக் கதையாக இருக்கும். என் பாட்டியின் வேதாகமத்தில் நம் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பார் என்று சொல்லும் 121-ஆம் சங்கீதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய தேதிகள் மட்டும் வரிசையாக இருந்தன. அவை பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டைவிட்டு வெளியூர் புறப்பட்ட நாட்கள் என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்குச் சில வாரங்கள் ஆயின. அவருடைய விசுவாசத்தைப் பற்றி நான் எழுதியதில் பாதி அந்த ஓரத்திலிருந்துதான் வந்தது.

பிறப்பு, திருமணம் போன்ற தேதிகளைத் திருச்சபையின் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். ஞானஸ்நானத் தேதியையே பிறந்த தேதியாகக் குடும்பத்தார் சொல்லிவருவது உண்டு.

அடுத்தது, அவரை அறிந்தவர்களிடம் கேட்பது. வயதில் மூத்தவரிடம் முதலில் செல்லுங்கள், தள்ளிப்போடாதீர்கள். கூட்டமாக அமர்த்திக் கேட்டால் ஒருவர் சொன்னதையே மற்றவர்களும் ஆமோதிப்பார்கள் என்பதால், ஒவ்வொருவரிடமும் தனியாக, அவர் அனுமதியோடு கைபேசியில் பதிவுசெய்து கேளுங்கள். "அம்மா எப்படிப்பட்டவர்?" என்ற கேள்விக்குப் புகழுரைதான் கிடைக்கும். "விடியற்காலையில் எந்த இடத்தில் முழங்காற்படியிடுவார்? யார் யார் பெயரைச் சொல்லி ஜெபிப்பார்? வேலை செய்யும்போது எந்தப் பாட்டை முணுமுணுப்பார்?" என்று கேட்டால் அவரே எழுந்து வருவார். பிள்ளைகள் கண்டிப்பான தாயை நினைவுகூர்வார்கள். பேரப்பிள்ளைகளோ, குடும்ப ஜெபத்தில் மடியில் தூங்கவிட்ட பாட்டியைச் சொல்வார்கள். இரண்டையும் சமன்செய்து ஒருவராக்க முயலாமல் இரண்டையும் எழுதுங்கள். பவுல் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் தனித்தனியே பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறார்.

குறைகளை எழுதலாமா என்று பலர் தயங்குகிறார்கள். கி.பி. 387-இல் ரோமாபுரிக்கு அருகிலுள்ள ஒஸ்தியாவில் மரித்த தம் தாய் மோனிக்காவைப் பற்றித் திருச்சபைப் பிதாவான அகுஸ்தீன் எழுதியபோது, சிறுமியாக இருக்கையில் அவர் ஊற்றியெடுக்கப்போன திராட்சரசத்தைத் திருட்டுத்தனமாகக் குடித்துப் பழகியதையும், வேலைக்காரப் பெண் ஒருத்தி "குடிகாரி" என்று ஏசியதும் அதை விட்டுவிட்டதையும் மறைக்கவில்லை. அதை வாசித்த பிறகு மோனிக்கா நமக்கு இன்னும் அருகில் வருகிறாரே தவிர, சிறுமைப்படவில்லை. உங்கள் தாயின் கோபத்தையும், ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தபின் ஆலயத்துக்குப் போகாதிருந்த மாதங்களையும் அன்போடு எழுதலாம். ஆனால் அவருடைய ஜெபக் குறிப்பேட்டில் இருக்கும் பிறருடைய துயரங்கள் தேவனிடம் சொல்லப்பட்டவை. அவற்றைச் சபையின்முன் வாசிக்க உங்களுக்கு உரிமையில்லை.

எழுதும்போது தொண்ணூறு ஆண்டுகளையும் வரிசையாகச் சொல்ல முனையாமல், மூன்று நான்கு காலங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றில் தங்குங்கள். நீதிமொழிகள் 31-இன் குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய பகுதியை வழக்கத்துக்காக எடுக்காமல், அவர் வாயில் அடிக்கடி வந்த வசனத்தையே தலைப்பில் வையுங்கள். நினைவு ஆராதனையில் வாசிப்பது ஐந்து நிமிடத்துக்குள் இருக்கட்டும். முழு வடிவத்தைக் குடும்பத்துக்காகத் தனியே வைத்துக்கொள்ளலாம். அதை அச்சுக்குக் கொடுக்குமுன், அவருடைய உடன்பிறந்தவர்களில் உயிரோடிருப்பவருக்கு ஒருமுறை உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவர் குறுக்கிட்டு, "இல்லை, அது அப்படியில்லை" என்று சொல்லத் தொடங்கும் இடத்தில் பேனாவை மறுபடியும் எடுங்கள்.