டிரைலோபைட் ஓட்டில் கடித்தடம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூட்டா மாநிலத்தின் வீலர் களிப்பாறையில் கிடைக்கும், ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகள் பழமையான எல்ராத்தியா கிங்கி என்ற டிரைலோபைட்டுகளின் (கடலில் வாழ்ந்து அற்றுப்போன, ஓடுடைய கணுக்காலிகள்) புதைபடிவங்களை மேசைமேல் பரப்பி, ஓரம் சிதைந்த ஒவ்வொன்றுக்கும் எதிரே “கடிபட்டது” என்று புதிய மாணவர்கள் இருவர் அண்மையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். தொடக்கத்தில் நானும் அதையேதான் எழுதினேன். அளவுகோல் வைக்காமல் படமெடுப்பது போன்ற பிழைகள் தாமே திருந்திவிடும். அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை.

உடைந்த ஓரமெல்லாம் கடிபட்ட ஓரம் அன்று

என் முதல் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த மாதிரி, வலப்புறத்தில் உடலின் மூன்று வளையங்களைக் கடந்து ‘W’ வடிவில் பள்ளம் விழுந்த ஒன்று. மூன்று மாத உழைப்புக்குப் பின், பாறையைப் பிளந்தபோது ஒதுக்கிவைத்த எதிர்த்தகட்டை, அதாவது பிளந்த பாறையின் மறுபாதியை, ஒரு மூத்த ஆய்வாளர் எடுத்துக் காட்டினார்; காணாமற்போன ஓட்டுத் துண்டு அதில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கடித்தது எந்த விலங்கும் அன்று, என் உளிதான். மற்ற எதிர்த்தகடுகளில் பெரும்பாலானவற்றை நான் முன்பே கழித்துவிட்டிருந்ததால், ஐயத்துக்குரிய மாதிரிகளைச் சோதிக்க வழியில்லாமல் பட்டியலையே கைவிட நேர்ந்தது. எதிர்த்தகட்டை யாராவது குப்பைப் பெட்டியில் போடுவதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பொறுப்பதில்லை.

கடிபட்டுத் தப்பிய டிரைலோபைட், அடுத்தடுத்துச் சட்டை உரிக்கும்போது காயத்தை ஆற்றிக்கொள்கிறது. ஆகவே உண்மையான காயத்தின் விளிம்பு மழுங்கி, சற்றே தடித்திருக்கும். சில வேளைகளில் ஒடிந்த பக்க முள்ளின் இடத்தில் குட்டையான, வளைந்த முள் ஒன்று மீண்டும் முளைத்திருக்கும். புதிய உடைப்போ கூர்மையாக, ஓட்டின் குறுக்குவெட்டைக் காட்டி நிற்கும். அம்மோனியம் குளோரைடின் வெண்படலம் ஏற்றி, ஒளியைத் தாழ்வாகப் பக்கவாட்டிலிருந்து பாய்ச்சி, நுண்ணோக்கியில் பாருங்கள். ஆறிய அடையாளம் இல்லையென்றால் “உடைந்தது” என்று மட்டும் எழுதுங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஆறிய காயம் தோற்றுப்போன தாக்குதலின் சான்று. வென்ற தாக்குதலை வேறிடத்தில்தான் தேட வேண்டும்: புதைபடிவமான சாணத்தில், அல்லது கனடாவின் பர்ஜெஸ் களிப்பாறையில் கிடைத்த சிட்னேயா என்ற வேட்டைக் கணுக்காலியின் குடலில் கிடைத்த டிரைலோபைட் துண்டுகள் போன்றவற்றில். காயங்கள் உடலின் பின்பகுதியில் மிகுந்திருப்பதைக் கண்டு, வேட்டை விலங்குகள் அங்கேதான் தாக்கின என்று உடனே முடிவு செய்யாதீர்கள். தலையில் கடிபட்டவை காயம் ஆறும்வரை பிழைக்காமலே இறந்திருக்கலாம்.

வலமும் இடமும்

ஆறிய காயங்கள் வலப்பக்கத்தில் கூடுதலாக இருப்பதை 1989-இல் பாப்காக், ராபிசன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்டது முதல் எல்லோரும் பக்கம் குறிக்கிறார்கள். உங்கள் கையில் இருப்பது ஓடா, அதன் அச்சுப் பள்ளமா என்பதை முதலில் பாருங்கள். அச்சில் பக்கம் மாறித் தெரியும்.

எல்லாப் பழியும் அனோமலோகாரிஸ் மீதா?

டிரைலோபைட்டின் காயம் எதைக் கண்டாலும், கேம்பிரியக் கடலின் பெரிய வேட்டை விலங்கான அனோமலோகாரிஸையே குற்றஞ்சாட்டுவது வழக்கம். 2023-இல் வெளியான ஆய்வு ஒன்றோ, அதன் முன்னுறுப்புகள் கடினமான ஓட்டை நொறுக்கும் வலிமை கொண்டவை அல்ல, நீரில் நீந்தும் மென்மையான இரையைப் பிடிக்கவே ஏற்றவை என்று காட்டியது. ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில், எமு பே களிப்பாறையில் கிடைத்த காயங்களுக்கோ ரெட்லிச்சியா ரெக்ஸ் என்ற பெரிய டிரைலோபைட்டே காரணமாக இருக்கலாம் என்ற கருத்து உண்டு. அது தன் இனத்தையும் தின்றிருக்கக்கூடும்.

சட்டையைப் பிணமாக எண்ணுவது

தலையின் இருபக்கமும் உள்ள கன்னத் தகடுகள் கழன்றிருந்தால், அது இறந்த விலங்கு அன்று, உரித்த சட்டையோ என்று முதலில் ஐயுறுங்கள்.

முள்ளெல்லாம் கேடயம் அன்று

மொரோக்கோவின் டெவோனியன் காலப் பாறைகளில் கிடைக்கும் வாலிசெராப்ஸ் என்ற டிரைலோபைட், தலைக்கு முன்னே திரிசூலம் போன்ற உறுப்பை நீட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றுக்குப் பதிலாக நான்கு முனைகளுடன் பிறழ்ந்து வளர்ந்த ஒரு மாதிரி, முழு வளர்ச்சி அடையும்வரை வாழ்ந்திருந்தது. அன்றாட உணவுக்கோ உயிர்காப்புக்கோ இன்றியமையாத உறுப்பாக இருந்திருந்தால் இவ்வளவு பெரிய பிறழ்வு அந்த விலங்கை வாழவிட்டிருக்காது என்று கருதிய ஆய்வாளர்கள் கிஷ்லிக், ஃபோர்ட்டி இருவரும், கொம்பு வண்டுகளோடு அதன் வடிவத்தை ஒப்பிட்டு, துணைக்காகத் தம்முள் மோதிக்கொள்ளவே அந்தச் சூலம் பயன்பட்டது என்று 2023-இல் வாதிட்டார்கள்.