நாசிக் திராட்சைத் தோட்டங்களில் இருவருக்கு ஒரு வாரக்கடைசி

ஜனவரி முதல் மார்ச் வரை போங்கள், அப்போதுதான் அறுவடை. மழைக்காலத்தில் மலை பச்சையாக இருக்கும், கொடியில் குலை இருக்காது. குடியரசு தின நீண்ட விடுமுறை என்று ஆசைப்பட வேண்டாம்: ஜனவரி 26 மதுவிலக்கு நாள், ஒயின் ஊற்றமாட்டார்கள்.

மும்பையிலிருந்து சுமார் 170 கி.மீ. ரயிலென்றால் நாசிக் ரோடு நிலையத்தில் இறங்குங்கள். கங்காப்பூர் அணைப்பக்கம்தான் சுலா, யார்க் என்ற ஒயினரிகள் (ஒயின் தயாரிக்கும் இடங்கள்) இரண்டும். மாலையில் அங்கே திரும்பும் வண்டி கிடைப்பது பெரும்பாடு. முழுநாள் வாடகைக்கே காரைப் பேசிவிடுங்கள், இருவருமே குடிக்கலாம்.

ஒரு நாளைக்கு இரண்டு ஒயினரி போதும். மூன்றாவதில் நாக்கு மரத்துவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஒயின் சுவைக்க உட்காருங்கள். ஸ்பார்க்ளிங் (நுரைக்கும் ஒயின்), வெள்ளை, ரோஸே (இளஞ்சிவப்பு), சிவப்பு, கடைசியில் இனிப்பு: இந்த வரிசை மாறினால், சிவப்பின் துவர்ப்புக்குப் பிறகு செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் வெறும் தண்ணீராகத் தெரியும். கோப்பையைத் தண்டில் பிடியுங்கள். கோப்பையின் மேல்பகுதியைப் பிடித்தால் கைச்சூட்டில் குளிர்ச்சி போய்விடும். பிடிக்காததைத் துப்புக் கிண்ணத்தில் கொட்டலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

வாங்கிய பாட்டிலை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். சூட்டில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், சுவையும் வெந்துபோகும்.