தபாலில் போகும் ஆத்தங்குடிக் கல்

செட்டிநாட்டு ஆத்தங்குடிக்கு வந்து நாங்கள் தரைக்கான பூக்கல் (டைல்ஸ்) செய்வதை நேரில் பார்த்தவர்கள் சும்மா திரும்புவது குறைவு. ஆனால் வீடு கட்டுகிறவர்கள் பாதிப்பேர் சென்னையிலும் கோவையிலும் இருக்கிறார்கள். அதனால் கியூஆர் கோடு போட்ட தபால் கார்டு அனுப்பி, அதன்வழி கேட்பவருக்கு வீடியோவில் பட்டறையையே காட்டுகிறேன். கல் போடும் நீங்களும் இப்படிச் செய்யலாம்.

முதலில் 30 வினாடி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர் கலவையை ஊற்றுவது கொஞ்சம் போதும். தண்ணீரில் ஊறிக் காய்ந்த கல்லிலிருந்து கண்ணாடி கழன்று வரும் இடம்தான் முக்கியம். பளபளவென்று பூ வெளியே வரும். பாட்டு சேர்க்காதீர்கள், பட்டறைச் சத்தமே போதும்.

அப்புறம் கார்டில் அச்சடிக்கும் கியூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் வாட்ஸ்அப்பில் உங்கள் எண் திறந்து, ஒரு வரி தயாராக நிற்க வேண்டும். அவர் அனுப்பு பொத்தானைத் தட்டினால் போதும். அதற்கான இணைப்பில் உங்கள் எண்ணை 91 சேர்த்து, கூட்டல் குறி இல்லாமல் போடுங்கள். அந்த வரியைத் தமிழில் நீட்டி எழுதாதீர்கள். இணைப்புக்குள் போனால் தமிழின் ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரியும், கோடு நெருக்கமாகி போன் திணறும். ஊருக்கு ஒரு சின்னக் குறி வையுங்கள், கோவைக்கு K2 மாதிரி. எந்த ஊர்க் கார்டு பேசுகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அழகாக இருக்கட்டும் என்று முதல் தடவை கியூஆர் கோடைச் சிவப்புப் பூ டிசைன் மேல் வெள்ளையில் அடித்துவிட்டேன். பல போன்களில் எடுக்கவே இல்லை. 400 கார்டிலும் கையால் எண்ணை எழுதினேன், மனசு ரொம்ப வலித்தது. வெள்ளையில் கறுப்பு, 3 செ.மீ. அகலம், சுற்றிலும் நாலு கட்டம் அளவு வெற்றிடம்: இதை மாற்றவே மாற்றாதீர்கள். கோடு உருவாக்கும்போது பிழைதிருத்த அளவை (error correction) அதிகபட்சத்தில் வைத்தால் கோட்டில் சுமார் 30 சதவீதம் அழிந்தாலும் படிக்கும். முத்திரை விழும் முகவரிப் பக்கம் வேண்டாம், படம் உள்ள பக்கத்தில் போடுங்கள்.

பெயர்களை எக்ஸெலில் வைத்து வேர்டின் மெயில் மெர்ஜ் வசதியில் அடித்தால் ஒவ்வொரு கார்டிலும் அவரவர் பெயர் வரும். யூனிகோடு எழுத்துருவே போடுங்கள்.

செய்தி வந்த அன்றே வீடியோவை அனுப்பி, அறையின் நீள அகலம் கேளுங்கள். 100 சதுர அடிக்கு 10 அங்குலக் கல் 144 வேண்டும். ஓரம் வெட்டப் பத்து கல் கூட்டிச் சொல்லிவிடுங்கள்.