வெளிநாட்டு வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து சம்பளம் பேசுவது எப்படி?

கோண்டாவிலில் வீட்டிலிருந்தபடியே ஒரு ஜெர்மன் நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறேன். சம்பளம் பற்றிக் கேட்கும் தம்பி தங்கச்சிமாருக்கு நான் முதலில் சொல்வது: "உங்கள் ஊரில் செலவு குறைவுதானே" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். லப்டொப் இங்கே மலிவில்லை. உங்கள் உழைப்பால் நிறுவனத்துக்கு வரும் காசும் குறைவில்லை.

நிறுவனத்தின் சம்பளக் கொள்கையை முன்கூட்டியே தேடிப் பாருங்கள். கிட்லாப் (GitLab) என்ற மென்பொருள் நிறுவனம் ஊழியர் இருக்கும் இடத்துக்கேற்பச் சம்பளத்தை மாற்றும். தேர்ட்டி செவன் சிக்னல்ஸ் (37signals) என்ற இன்னொரு மென்பொருள் நிறுவனம் எங்கிருந்தாலும் ஒரே அளவுகோலில் கொடுக்கும். இரண்டாவதை உதாரணம் காட்டிக் கதையுங்கள்.

தொகையை டொலரிலோ யூரோவிலோ எழுதச் சொல்லுங்கள். இது முக்கியம். 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, ரூபாயில் ஒப்பந்தம் போட்டிருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

நிறுவனத்தின் ஊழியராக இல்லாமல் ஒப்பந்தக்காரராகச் சேர்ந்தால், முதலாளி கட்டும் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 12%, ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3% இரண்டும் கிடைக்காது. அந்த 15 சதவீதத்தைக் கேட்கும் தொகையோடு கூட்டுங்கள். சரி, மின்வெட்டுக்கு இன்வேட்டர், இரண்டாவது இணைய இணைப்பு, சம்பளத்தோடு விடுமுறை? அவற்றையும் எழுத்தில் கேளுங்கள்.

பழைய சம்பளத்தை விசாரித்தால் சொல்ல வேண்டாம். இந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று மரியாதையாக, தயங்காமல் திருப்பிக் கேளுங்கள்.