கட்டுப்படியாகும் வாடகை வீடுகளுக்கு ஐரோப்பியப் பொது நிதியைப் பெறுவது எப்படி?

ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்த வாடகை வீடுகளைக் கட்டவோ பழையவற்றைப் புதுப்பிக்கவோ முனையும் நகராட்சிகளும் வீட்டுவசதிச் சங்கங்களும் முதலில் தெளிய வேண்டியது ஒன்று: இங்கே கிடைப்பதில் பெரும்பகுதி மானியமன்று, திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். ஆயினும் அந்தக் கடனின் வட்டியும் தவணைக்காலமும்தான் வாடகையைத் தீர்மானிக்கின்றன. 2,00,000 யூரோ செலவாகும் ஒரு வீட்டுக்கு முழுத் தொகையையும் 30 ஆண்டுக் கடனாகப் பெறுவதாகக் கொள்வோம். வட்டி 4 விழுக்காட்டிலிருந்து 2.5 விழுக்காடாகக் குறைந்தால், மாதத் தவணையில் ஏறத்தாழ 165 யூரோ மிச்சமாகும். ஆகவே விண்ணப்பத்துக்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, கதவைத் தேர்ந்தெடுங்கள். 1958-இல் தொடங்கப்பட்டு லக்சம்பர்க்கில் இயங்கும் ஐரோப்பிய முதலீட்டு வங்கி, பொதுவாகத் திட்டச் செலவில் பாதிவரை கடன் தருகிறது. நேரடிக் கடனைப் பெரும்பாலும் 2.5 கோடி யூரோவுக்கு மேற்பட்ட திட்டங்களுக்கே வழங்குகிறது. அவ்வளவு பெரிய திட்டம் இல்லாதவர்கள் உள்நாட்டு வங்கி வழியாகவோ, பல சிறு பணிகளை ஒரே ஒப்பந்தத்தில் அடக்கும் கட்டமைப்புக் கடன் வழியாகவோ செல்லலாம். பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய மன்ற வளர்ச்சி வங்கியும் சமூக வீட்டுவசதிக்குக் கடன் தருகிறது. அயர்லாந்தின் வீட்டுவசதி நிதி முகமை போன்ற தேசிய நிறுவனங்கள் முதலீட்டு வங்கியிடம் மொத்தமாகக் கடன் வாங்கிச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. சிறிய சங்கங்களுக்கு இந்த வழியே எளிது என்பது என் கருத்து.

பெரும்பாலோர் தடுமாறுவது பணத்தில் அன்று, ஆயத்தத்தில். ஆற்றல் தணிக்கை, சாத்தியக்கூறு ஆய்வு, ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள் ஆகியவற்றுக்கான செலவில் 90 விழுக்காடுவரை 'எலெனா' என்னும் உதவித் திட்டம் ஏற்றுக்கொள்கிறது, இது கடனன்று, மானியம். ஆனால் குடியிருப்புப் புதுப்பிப்பில், பெற்ற உதவியைப்போல் பத்து மடங்கு முதலீட்டை நீங்கள் நிறைவேற்றிக் காட்ட வேண்டும். அதே செலவுக்கு வேறொரு ஐரோப்பிய மானியத்தைக் கோரவும் கூடாது.

கோப்பில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் பணிக்கு முந்தைய ஆற்றல் திறன் சான்றிதழும், பணி முடிந்தபின் எட்டவேண்டிய தரமும் அருகருகே இருக்கட்டும். சுவருக்கு வெப்பக்காப்பு, சாளரம், வெப்ப விசையியக்கி (ஹீட் பம்ப்) என ஒவ்வொன்றும் எத்தனை கிலோவாட் மணி மிச்சப்படுத்தும் என்பதை எழுதாத விண்ணப்பம் கேள்விகளோடு திரும்பி வரும். வீடுகள் யாருக்கு ஒதுக்கப்படும், வருமான வரம்பு எவ்வளவு என்பவற்றையும் இணையுங்கள். ஐரோப்பியப் பொதுக் கொள்முதல் விதிகளை மீறி ஒப்பந்ததாரரை முன்கூட்டியே அமர்த்திவிட்டால், நல்ல திட்டமும் கைநழுவிப் போகக்கூடும்.

இறுதியாக, அரசு உதவி விதியை, அதாவது அரசுப் பணம் சந்தைப் போட்டியைக் குலைக்காமல் தடுக்கும் ஐரோப்பிய விதியைக் கவனியுங்கள். சமூக வீட்டுவசதிக்கு அரசு தரும் ஈட்டுத்தொகையை ஐரோப்பிய ஆணையத்துக்கு முன்கூட்டியே அறிவிக்கத் தேவையில்லை. ஆனால் எந்தச் சேவையை, எவ்வளவு காலத்துக்கு, எந்த அடிப்படையில் கணக்கிட்ட தொகைக்குச் செய்கிறீர்கள் என்பதை விளக்கும் ஒப்படைப்பு ஆணை எழுத்தில் இருந்தாக வேண்டும். முதல் தவணை வருவதற்கு முன்பே அதில் கையெழுத்தாகியிருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.