கார் ரிப்பேருக்குப் பெரிய எஸ்டிமேட் வந்தால் என்ன கேட்பது, அந்த வேலையையே படிக்க எங்கே சேர்வது

ஷெட்டிலிருந்து போன் வருகிறது. "சார், நாற்பத்தஞ்சாயிரம் ஆகும், வேலையை ஆரம்பிச்சிடட்டுமா?" அந்த நிமிடத்தில் சரி என்று சொல்லிவிடாதீர்கள், ஏமாற்றுகிறான் என்று சண்டைக்கும் போகாதீர்கள். எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஸ்பேர் தனியாக, லேபர் தனியாக, ஒவ்வொரு ஸ்பேருக்கும் பார்ட் நம்பரோடு இருக்க வேண்டும். மொத்தத் தொகை மட்டும் எழுதிய எஸ்டிமேட்டை வைத்துக்கொண்டு எதையும் ஒப்பிட முடியாது. பார்ட் நம்பர் கையில் இருந்தால் நாலு கடையில் விலை கேட்கலாம். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி ஸ்பேர்கள் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். அதற்கு முன் பெரும்பாலானவற்றுக்கு 28 சதவீதம் இருந்தது. பழைய விகிதத்திலேயே கணக்குப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அடுத்து கேட்க வேண்டிய கேள்விதான் முக்கியம்: "இந்தப் பாகம்தான் போயிருக்குன்னு எதை வெச்சு முடிவு பண்ணீங்க அண்ணே?" கோபமில்லாமல் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார், பானட்டைத் திறந்து காட்டவும் செய்வார். "ஸ்கேனர்ல வந்துச்சு" என்பதோடு பேச்சு முடிந்தால் கொஞ்சம் நிதானியுங்கள்.

ஏன் என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். பெட்ரோல் வண்டி, ஐடிலில் (ஆக்சிலரேட்டர் அழுத்தாமல் எஞ்சின் ஓடும்போது) உதறுகிறது, செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டால் பி0301 என்று கோடு, அதாவது கோளாறு எண், வருகிறது. முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை, என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம், காரணம் அதில் இல்லை. பிளக்காக இருக்கலாம், பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலாக இருக்கலாம், இன்ஜெக்டராக இருக்கலாம், வால்வு சரியாக உட்காராமல் கம்ப்ரஷன் குறைந்தும் இருக்கலாம். வேலை தெரிந்தவர் எதையும் வாங்கச் சொல்வதற்கு முன் முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி, இரண்டாவதில் இருந்ததை முதலில் மாட்டி, கோடை அழித்துவிட்டு வண்டியை ஓட விடுவார். பெரும்பாலான வண்டிகளில் ஒரு கப்ளர், ஒரு போல்ட், அவ்வளவுதான். இப்போது கோடு பி0302 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் பி0301-லேயே நின்றால் காயில் நன்றாக இருக்கிறது, பிளக்கைப் பார்க்க வேண்டும். செலவே இல்லாத சோதனை இது. இதைச் செய்யாமல் எல்லா சிலிண்டருக்கும் காயில், பிளக், கூடவே இன்ஜெக்டர் க்ளீனிங் என்று எழுதிக்கொண்டே போனால் பில் எங்கேயோ போய் நிற்கும்.

பி0420-க்கும் இதே கதைதான். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் சந்தேகப்படுகிறது, அவ்வளவுதான். சைலன்சர் பைப்பில் ஒரு லீக் இருந்தாலும், ஆக்சிஜன் சென்சார் போயிருந்தாலும் இதே கோடு வரும். கன்வர்ட்டரோ விலை அதிகமான பாகம்.

கார் ரிப்பேரில் பணம் அதிகம் வீணாவது தப்பான யூகத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து. அதனால், பிரச்சினையைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கே ஒரு மெக்கானிக் தனியாகக் காசு கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். நம்மில் நிறைய பேர் அதை மட்டும் ஓசியில் எதிர்பார்க்கிறோம்.

லேபர் அதிகமாகத் தெரிந்தால் உடனே பேரம் பேச வேண்டாம், வேலை என்ன என்று பாருங்கள். ஏசி கூலிங் காயில் மாற்ற பல வண்டிகளில் டேஷ்போர்டையே முழுதாகக் கழற்ற வேண்டும். கிளட்ச் மாற்ற கியர் பாக்ஸை இறக்க வேண்டும். இறக்கியது இறக்கியாகிவிட்டது, அப்போதே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், ஃப்ளைவீல் முகம் தேய்ந்திருக்கிறதா, பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பேரிங்கில் மிச்சம் பிடித்தால் ஆறு மாதத்தில் அதே லேபரை மறுபடி கட்ட வேண்டி வரலாம்.

ஸ்பேர் விஷயத்தில் ஒரு வழி இருக்கிறது. கார் கம்பெனி பெட்டியில் வரும் பாகங்களில் நிறைய, கார் கம்பெனி தயாரிப்பது இல்லை. சென்னை பாடி பகுதியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ் ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்கிறது, பிரேக்ஸ் இந்தியா பிரேக் பாகங்கள் செய்கிறது. இப்படிப்பட்ட தயாரிப்பாளர் தன் பெயரிலேயே கடைக்கு அனுப்பும் பெட்டி பல சமயம் விலை குறைவாகக் கிடைக்கும். சென்னைக்காரர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்டுப் பார்க்கலாம். புதுப்பேட்டை பழைய பாகங்கள் கதவு, கண்ணாடி, ஹெட்லைட்டுக்கு நல்லது. பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் மட்டும் அங்கே வாங்கவே வாங்காதீர்கள். எங்கே வேலை பார்த்தாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள், அதையும் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மழைக்காலத்துக்கு ஒரு எச்சரிக்கை. வண்டி தண்ணீரில் நின்றிருந்தால் ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால், கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு டோ செய்து கொண்டுபோங்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் இந்தப் பேச்சு எல்லார் வாயிலும் இருந்தது. சாதாரண இன்சூரன்ஸ் இப்படிப் போன எஞ்சினுக்குப் பொதுவாகப் பணம் தராது, எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் எடுத்திருக்க வேண்டும். பில்லில் தகராறு வந்து பேசித் தீரவில்லை என்றால் 1915 நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

அப்புறம் அந்த யூகம் செய்யாத மெக்கானிக் எங்கிருந்து வருவார்? வீட்டில் பத்தாவது முடித்த பையனோ பெண்ணோ மிக்ஸியைக் கழற்றிப் பார்க்கிற ஆளாக இருந்தால், மதிப்பெண் குறைந்ததால் தள்ளிவிடும் இடமாக ஐடிஐ-யை (தொழிற்பயிற்சி நிலையத்தை) நினைக்காமல், முதல் விருப்பமாகவே யோசியுங்கள். மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் என்ற பிரிவு இரண்டு வருடம், மெக்கானிக் டீசல் ஒரு வருடம். அரசு ஐடிஐ-யில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் ஐடிஐ-க்குப் பொருந்தும். பத்தாவது ரிசல்ட் வரும் சமயத்தில் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் விண்ணப்பம் திறப்பார்கள். டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐ-களில் புது இயந்திரங்களோடு 4.0 மையங்கள் என்ற நவீன தொழில்நுட்ப மையங்கள் அமைத்திருக்கிறார்கள், அவற்றில் மின் வாகன மெக்கானிக் படிப்பு பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மின் காரின் ஆரஞ்சு நிற வயரில் ஓடுவது முந்நூறு, நானூறு வோல்ட். முறையாகப் படிக்காதவர் தொடவே கூடாத இடம் அது, அதனால் படித்தவருக்கு மதிப்பு கூடத்தான் செய்யும்.

ஐடிஐ முடித்ததும் நேராகச் சொந்த ஷெட் போட வேண்டாம். அப்ரண்டிஸாக, அதாவது உதவித்தொகையோடு வேலை பழகுபவராக, ஒரு நிறுவனத்தில் சேருங்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒரே பிராண்டைத் திரும்பத் திரும்பப் பார்த்து முறையான பழக்கம் வரும், டார்க் ரெஞ்ச் போட்டு போல்ட்டைச் சரியான அளவுக்கு முடுக்குவது போன்றவை. பிறகு பல பிராண்டு வண்டி வரும் தனியார் ஷெட்டில் கொஞ்ச காலம், அங்கேதான் யோசித்துக் கண்டுபிடிக்கும் புத்தி வளரும். மேலே படிக்க ஆசை வந்தால் இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆரம்பச் சம்பளம் குறைவுதான், முதுகு வலிக்கும், வெயில் காலத்தில் ஷெட் கொதிக்கும், அதையும் பிள்ளைகளிடம் சொல்லியே சேருங்கள்.

சேர்வதற்கு முன் அந்த ஐடிஐ-க்குப் பிள்ளையோடு ஒருமுறை நேரில் போங்கள். ஒர்க்‌ஷாப்பில் ஸ்டார்ட் ஆகிற எஞ்சின் எத்தனை இருக்கிறது, ஸ்கேனரை மாணவர்கள் கையிலேயே கொடுக்கிறார்களா அல்லது அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்களா, போன வருடம் படித்தவர்கள் எந்தக் கம்பெனியில் அப்ரண்டிஸ் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, மல்டிமீட்டரில் பேட்டரி வோல்டேஜ் பார்த்துக் காட்டச் சொல்லுங்கள்.