கைவிடுவதும் விட்டுக்கொடுப்பதும் ஒன்றல்ல: தவிர்க்க வேண்டிய சொற்பிழைகள்

நம் உயர்நிலை மாணவர்களின் கட்டுரைகளிலும், சில வேளைகளில் பெரியவர்கள் எழுதும் அறிவிப்புகளிலும், ‘கைவிடு’ என்ற சொல்லும் அதன் உறவுச் சொற்களும் இடம் மாறி அமர்ந்திருப்பதைக் காணலாம். ஆங்கிலத்தில் ‘கிவ் அப்’ என்னும் ஒரே தொடர், முயற்சியில் தளர்வதையும் புகைப்பழக்கத்தை நிறுத்துவதையும் ரயிலில் முதியவருக்கு இருக்கை தருவதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது; தமிழோ ஒவ்வொன்றுக்கும் தனி வினையைக் கேட்கிறது. கைவிடுதல், விடுத்தல், விட்டுக்கொடுத்தல், துறத்தல், நீத்தல், சரணடைதல் என்று ஒரே மூச்சில் மனப்பாடம் செய்த பட்டியல், வாக்கியம் எழுத உட்காரும்போது காலை வாரிவிடும்.

அதிகம் காணப்படும் பிழை, ஊக்கமூட்டும் வாசகங்களில் வரும் ‘ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே’ என்பது. தோல்வியைக் கண்டு துவண்டுவிடாதே என்று சொல்ல நினைத்தவர், பிறருக்கு இணங்கிப் போகாதே, பிடித்த பிடியில் நில் என்று அறிவுரை கூறிவிடுகிறார். உடன்பிறந்தாரோடு சண்டையிடும் பிள்ளையிடம் எந்தத் தாயும் சொல்ல விரும்பாத வாசகம் அது. சொல்ல வேண்டியது ‘மனம் தளராதே’ அல்லது ‘முயற்சியைக் கைவிடாதே’ என்பதுதான். விட்டுக்கொடுத்தல் தமிழரின் குடும்பப் பேச்சில் ஒரு நற்பண்பு. அதைச் செய்யாதே என்று வகுப்பறைச் சுவரில் எழுதி ஒட்டுவது விந்தையாகவே இருக்கிறது.

ஆனால் இதே சொல் வேற்றுமை உருபு மாறினால் நற்பண்பிலிருந்து நம்பிக்கைத் துரோகத்துக்குத் தாவிவிடும் என்பதை நம் பாடநூல் விளக்கங்கள் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் எண்ணம். ‘தம்பிக்குத் தன் பங்கை விட்டுக்கொடுத்தான்’ என்றால் பெருந்தன்மை. ‘தம்பியை விட்டுக்கொடுத்தான்’ என்றால், பிறர் முன்னிலையில் அவனுக்காகப் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்தான் அல்லது அவனைத் தாழ்த்திப் பேசினான் என்று பொருள். ‘அவர் தம் ஊரை ஒருநாளும் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டார்’ என்ற வழக்கும் இதிலிருந்து வந்ததே. பெருவிரைவு ரயிலில் நடந்ததைப் பற்றி எழுதும் மாணவர் ‘முதியவருக்கு இருக்கையை விட்டுக்கொடுத்தேன்’ என்று எழுதலாம், அது சரி. ‘முதியவருக்காக இருக்கையைக் கைவிட்டேன்’ என்று எழுதினால், இருக்கை ஏதோ நடுக்கடலில் தத்தளிப்பதுபோல் தோன்றும்.

கைவிடுதலுக்கு வருவோம். திட்டம், முயற்சி, பழக்கம், போராட்டம் ஆகியவற்றோடு அது குற்றம் சுமத்தாத சொல். ‘புகைப்பழக்கத்தைக் கைவிட்டார்’ என்பதில் பாராட்டுகூட உண்டு. மனிதரோடு சேர்ந்தவுடன் அது பழிச்சொல் ஆகிவிடுகிறது. ‘கெடுங்காலைக் கைவிடுவார் கேண்மை அடுங்காலை உள்ளினும் உள்ளம் சுடும்’ என்னும் 799ஆவது குறளில், துன்பம் வந்தபோது நீங்கிப் போன நண்பரைக் குறிக்க வள்ளுவர் இச்சொல்லை ஆண்டிருப்பதிலிருந்து, அந்தச் சூடு இன்று நேற்று ஏறியதன்று என்பது தெளிவாகும். ஆகையால் ‘மருத்துவர்கள் நோயாளியைக் கைவிட்டுவிட்டார்கள்’ என்று எழுதுவதில் மிகுந்த கவனம் தேவை. பேச்சில் அது ‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்’ என்ற பொருளில் புழங்குகிறது. எழுத்தில் படிப்பவர், மருத்துவர்கள் கடமையைச் செய்யாமல் போனார்கள் என்று புரிந்துகொள்ளக்கூடும். இயலாமையைத்தான் சொல்ல வேண்டும் என்றால் ‘கைவிரித்துவிட்டார்கள்’ என்ற சொல் இருக்கிறது; முறையான கடிதத்தில் அதுவும் சற்றுக் கடுமையாகத் தோன்றினால், ‘மேற்கொண்டு சிகிச்சை பயன் தராது என்று தெரிவித்தனர்’ என்று நேராகவே எழுதலாம். ‘கைகழுவிவிட்டார்கள்’ என்பதோ வேண்டுமென்றே பொறுப்பைத் தட்டிக்கழித்ததைச் சொல்வது. கைவிடுவது, கைவிரிப்பது, கைகழுவுவது மூன்றும் கையில் தொடங்கினாலும் குற்றத்தின் அளவில் வேறுபடுகின்றன. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வைத்தால் வழக்கு மன்றம் வரை போகக்கூடிய வேறுபாடு அது.

துறத்தல் என்பதற்கு விருப்பம் வேண்டும், விடுகின்ற பொருளுக்கு மதிப்பும் வேண்டும். பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்ட் 1936இல் முடி துறந்தார் என்பது பொருத்தம். காலையில் ‘கோப்பி ஓ கோசோங்’, அதாவது பாலும் சீனியும் சேர்க்காத காப்பி, கேட்டு வாங்குபவர் சீனியைத் துறந்தவர் அல்லர், விட்டவர் அவ்வளவே. துறவியாக்குவதற்கு அது போதாது. சிங்கப்பூர் இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை என்பதால் ‘குடியுரிமையைத் துறத்தல்’ இங்கே அடிக்கடி எழுத வேண்டிய தொடர். அதை ‘குடியுரிமையை இழந்தார்’ என்று மாற்றி எழுதினால் அவருடைய விருப்பமே வாக்கியத்திலிருந்து காணாமல் போகும், ‘குடியுரிமை பறிக்கப்பட்டது’ என்று எழுதினாலோ அவர்மீது குற்றம் ஏறிவிடும்.

பதவியைப் பற்றி எழுதும்போதும் இதே எச்சரிக்கை தேவை. 2024 மே 15ஆம் தேதி லாரன்ஸ் வோங் பிரதமராகப் பொறுப்பேற்றபோது, லீ சியன் லூங் பிரதமர் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டு மூத்த அமைச்சராகத் தொடர்ந்தார். இதைப் ‘பதவியைத் துறந்தார்’ என்றால் மிகை, ‘பதவியைக் கைவிட்டார்’ என்றால் பிழை. இலக்கணத்திலும் ஒரு சறுக்கல் உண்டு: ‘பதவி விலகினார்’, ‘பதவியிலிருந்து விலகினார்’ ஆகியவை சரி, விலகுதல் செயப்படுபொருள் ஏற்காத வினை என்பதால் ‘பதவியை விலகினார்’ என்பது ஒருபோதும் சரியாகாது.

சரணடைதலிலும் உருபுதான் சிக்கல். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி, புக்கிட் தீமாவில் இருந்த ஃபோர்டு தொழிற்சாலையில், பிரிட்டிஷ் படைகளின் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமாஷிடாவிடம் சரணடைந்தார். அவர் சிங்கப்பூரை ‘ஒப்படைத்தார்’. சிங்கப்பூரைச் ‘சரணடைந்தார்’ என்று எழுத முடியாது. பிணையில் வந்தவர் கடப்பிதழைச் சரணடைய முடியாததும் இதே காரணத்தால்தான்.

அகராதியில் ‘விடுத்தல்’ என்பதற்கு நீங்குதல் என்ற பொருள் இருப்பதை நம்பி ‘கோரிக்கையை விடுத்தார்’ என்று எழுதுபவர்கள் உண்டு. இன்றைய வழக்கில் கோரிக்கை விடுப்பது, அறிக்கை விடுப்பது, எச்சரிக்கை விடுப்பது எல்லாம் வெளியிடுவதைக் குறிப்பவை. கோரிக்கையைக் கைவிட்டவரைப் பற்றி எழுத நினைத்து, அவர் புதிதாக ஒரு கோரிக்கை வைத்ததாகச் செய்தி போய்விடும். ‘வீண்பேச்சை விடுத்து’ என்பதுபோல எச்சமாக வரும்போது மட்டும் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘நீத்தார்’ என்பதும் இப்படி நகர்ந்த சொல்தான்: திருக்குறளின் மூன்றாம் அதிகாரமான ‘நீத்தார் பெருமை’ பற்றைத் துறந்தவர்களைப் போற்றுவது, இன்று நாம் ‘நீத்தார் நினைவு’ என்னும்போது இறந்தவர்களை நினைக்கிறோம்.

எழுத்துப்பிழைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ‘விட்டு கொடுத்தார்’ என்று ஒற்றை விட்டுப் பிரித்து எழுதுவது தவறு. ‘விட்டுக்கொடுத்தார்’ என்பதே ஒரு சொல்லாக நிற்பது. அதுபோல ‘விட்டுவிட்டு’ என்பதைச் சேர்த்து எழுதுவதும் பிரித்து எழுதுவதும் ஒன்றல்ல. ‘புகைப்பதை விட்டுவிட்டு ஓடத் தொடங்கினார்’ என்பவர் திருந்தியவர். ‘விட்டு விட்டுப் புகைத்தார்’ என்பவர், டிசம்பர் மழைபோல, இடைவெளி விட்டுத் தொடர்கிறவர்.